அடுத்த மூன்று நாட்களுக்கு...

கிண்டல் பண்ணினால் யாரும் கேஸ் போடாத விஷயங்கள் நம் நாட்டில் மூன்று: ஹாஸ்டல் சாம்பார், முனிசிபாலிடி ரோடு, வானிலை அறிக்கை. அதிலும் மூன்றாவதுக்குக் கிடைக்கிற மரியாதை தனி. 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்று நியூஸில் சொன்னதுமே, "அந்த ஓரிரு இடம் எதுன்னு சொல்லிட்டா, குடையை அங்கேயே வச்சுட்டு வந்துடலாமே" என்று ஆபீஸில் யாராவது ஒருத்தர் சொல்வார். நாமும் வருஷா வருஷம் அதே ஜோக்குக்குச் சிரித்து வைப்போம். சொல்கிறவர் சீனியராக இருந்தால் கொஞ்சம் பலமாகவே சிரிப்போம்.

உண்மையில் அந்த 'ஓரிரு' என்பது மழுப்பல் இல்லை சார், கணக்கு. ஒரு வட்டாரத்தில் மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை விழுந்தால் 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 வரை 'ஒரு சில இடங்கள்'. 51 முதல் 75 வரை 'பல இடங்கள்'. அதற்கு மேலே போனால் 'பெரும்பாலான இடங்கள்'. அதே மாதிரி 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் 'கன மழை'. 115.6-ஐத் தொட்டால் 'மிக கன மழை'. 204.5-ஐ எட்டினால் 'அதி கன மழை'. நாம் போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போகிற வார்த்தைகளை அவர்கள் நகைக்கடைத் தராசில் நிறுத்துத்தான் வைக்கிறார்கள்.

இந்தத் தராசு விவகாரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது டெல்லிக் குளிரும், முனிர்காவில் எங்களுக்குக் கீழ் ஃபிளாட்டில் இருந்த ஒரு மாமாவும்தான்.

2000-ல் மாற்றலாகி டெல்லி போனேன். முனிர்காவில் நாலு தமிழ்ப் பையன்கள் சேர்ந்து மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட். நாலு பேருக்கு மூன்று கட்டில், இரண்டு பக்கெட், ஒரு ஹீட்டர். கீழே மாமா. மாயவரத்துக்காரர். சென்ட்ரல் கவர்ன்மென்டில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் தள்ளி ரிடையர் ஆனவர். மாமி காலமான பிறகு ராத்திரிச் சாப்பாடு எங்களோடுதான். ரசம் அவர் டிபார்ட்மென்ட். அப்பளம் கருகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் டிபார்ட்மென்ட்.

மாமாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. வரவு செலவுக் கணக்கு என்று நினைத்தால், இல்லை. மூன்று பத்தி. முதல் பத்தியில் நாளைக்கு என்ன என்று பேப்பரும் ரேடியோவும் சொன்னது. இரண்டாவதில் நிஜமாக நடந்தது. மூன்றாவதில் மாமாவின் மார்க்: 'பாஸ்', 'தர்ம பாஸ்', 'பெயில்'. இதனால் எங்கள் மாடியில் அவருக்கு வைத்த பெயர் 'வெதர் மாமா'.

"இதை நம்பவே மாட்டேங்கிறவனும் அசடு, அப்படியே நம்பறவனும் அசடு" என்பார். "நாளைக்குன்னு சொன்னா நம்பு. மூணாம் நாள்னு சொன்னா காதுல போட்டுக்கோ. ஏழாம் நாள்னு சொன்னா ஜாதகம் மாதிரி பெட்டியில வை."

அவர் நோட்டுப் போட்டுக் கண்டுபிடித்ததை அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற விஞ்ஞானி 1961-லேயே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டார். வானிலைக் கணக்கு ஒன்றை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிப் போட்டார். கடைசியில் இருக்கிற அந்தத் துளியூண்டு எண்ணால் என்ன ஆகிவிடப் போகிறது? காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், முதலில் ஒட்டிக்கொண்டே போன இரண்டு கணக்கும் போகப் போக, பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு திசையில் போயிருந்தன. இன்றைய காற்றை அளப்பதில் ஒரு மயிரிழை பிசகு இருந்தால், நாளைக்கு அது விரல் அளவு, அடுத்த வாரம் ஆள் உயரம். அதனால்தான் உலகத்தில் எந்த வானிலை ஆபீஸும் முதல் மூன்று நாளைத்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறது. 'குறுகிய கால முன்னறிவிப்பு' என்று அதற்குப் பெயர்.

நிலைமை முன்னேறவில்லை என்று சொல்ல மாட்டேன். பத்து வருஷத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் முன்னறிவிப்பு தேறி வருகிறது என்பார்கள். இருபது வருஷத்துக்கு முன் மூன்றாம் நாளுக்கு இருந்த தரம் இப்போது ஐந்தாம் நாளுக்கு. 1875-ல் ஆரம்பித்த நம் வானிலைத் துறை, 2025 மே மாதத்திலிருந்து நாட்டை ஆறு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. அதற்கு முன் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆனாலும் லோரன்ஸ் கண்ட அந்தத் துளியூண்டு எண் போய்விடவில்லை. அது எங்கேயும் போகாது.

சரி, குளிர்காலத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் நம் கண்ணெல்லாம் வங்காள விரிகுடா மேலே. வடநாட்டில் குளிர்காலத்தில் எல்லோர் கண்ணும் மேற்கே. அங்கே மத்திய தரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்று பாஸ்போர்ட் இல்லாமல் ஒருத்தர் வருவார். பெயர், 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்'. தமிழில் மேற்கத்திய இடையூறு. முதல் தடவை கேட்டபோது ஹெட் ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்ஷன் வருகிற அதிகாரியின் பட்டப்பெயர் என்றுதான் நினைத்தேன். வேலையும் கிட்டத்தட்ட அதேதான்: மாதத்துக்கு நாலைந்து தடவை வருவார், வந்தால் இரண்டு நாள் ஊரே கலங்கும், போன பிறகுதான் நிஜமான அவஸ்தை ஆரம்பிக்கும்.

எப்படி என்று மாமா ரசம் கொதிக்கிற நேரத்தில் சொல்லிக்கொடுத்தார்.

"டிஸ்டர்பன்ஸ் வந்தா முதல்ல மேகம். மேகம்னா வானத்துக்கு ரஜாய் போத்தின மாதிரி. பூமியோட சூடு வெளியில போகாது. அதனால ராத்திரிக் குளிர் குறையும். காஷ்மீர், ஹிமாசலத்துல பனி விழும். பஞ்சாப், டெல்லியில லேசா தூறும். அப்புறம் அது கிழக்கே நகர்ந்துடும். ரஜாயை உருவிட்டாங்க! வானம் பளிச்சுன்னு ஆயிடும். தரையில ஈரம் இருக்கு. ராத்திரி சூடெல்லாம் மேலே போயிடும். காத்து மட்டும் அசையலைன்னு வை, விடியக்காலம் உன் கை உனக்கே தெரியாது. மூடுபனி! அப்புறம் பனி மலையிலேர்ந்து வடமேற்குக் காத்து இறங்கித்துன்னா, மூடுபனி போய் எலும்பு வரைக்கும் குளிர். அது தீர்றதுக்குள்ள அடுத்த டிஸ்டர்பன்ஸ் வந்துடும்."

மேகம், தூறல், மூடுபனி, குளிர். மறுபடி மேகம். வண்டிச் சக்கரம் மாதிரி. அடுத்த மூன்று நாள் வானிலை என்பது, சக்கரத்தின் எந்தக் கால் இப்போது தரையைத் தொடுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான்.

இந்தச் சக்கரத்தால் எங்கள் ரூமில் ஒருத்தன் தங்கை கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தான். 2003 ஜனவரி. வடக்கே குளிர் போட்டுத் தாக்கிய வருஷம். தை மாதம் முகூர்த்தம், கும்பகோணத்தில். அவனுக்குப் புதன்கிழமை ராத்திரி ரயிலில் கன்ஃபர்ம்டு பெர்த். மாமா வெள்ளிக்கிழமையே வானத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், ரேடியோவைக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை மழை நிக்கப்போறது. திங்கள்லேர்ந்து மூடுபனி. அன்னிக்கே கிளம்பிடு" என்றார்.

"கன்ஃபர்ம்டு டிக்கெட் மாமா! கையில வச்சிருக்கேன்!"

"டிக்கெட் கன்ஃபர்ம்டு. வண்டி கன்ஃபர்ம்டான்னு கேளு."

பையன் முனகிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை ஆர்.ஏ.சி.யில், அரை சீட்டில் கால் மடக்கி உட்கார்ந்து போனான். போய்ச் சேர்ந்ததும் சீக்கிரம் வந்த பாவத்துக்கு வாழை மரம் கட்டுகிற வேலை, தேங்காய் எண்ணுகிற வேலை எல்லாம் தலையில் விழுந்தது. ஆனால் தாலி கட்டும்போது அவன் மேடையில் இருந்தான். புதன் ராத்திரி வண்டியோ, டெல்லியை விட்டுக் கிளம்பினதே வியாழன் மத்தியானம். தப்பு டிரைவர் மேல் இல்லை. சிக்னல் கம்பமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதற்கு முன்னாலேயே தண்டவாளத்தில் வெடி பொருத்தி வைப்பார்கள். சக்கரம் ஏறி அது வெடிக்கிற சத்தத்தை வைத்து, சிக்னல் வருகிறது என்று தெரிந்துகொண்டு ஊர்ந்து போக வேண்டும். தீபாவளி கொண்டாடிக்கொண்டே போகிற வண்டி நேரத்துக்கு எப்படிப் போகும்?

மூடுபனிக்கும் தராசு உண்டு. ஒரு கிலோமீட்டருக்குள் பார்வை மறைந்தால் மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே போனால் 'அடர்ந்த'. 50-க்கும் கீழே போனால் 'மிக அடர்ந்த'. டெல்லி ஏர்போர்ட்டில் இதற்கென்று கருவி பொருத்திய விமானம், பயிற்சி பெற்ற பைலட் என்றால் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கலாம். ஆனால் கிளம்புவதற்கு 125 மீட்டர் தெரிய வேண்டும். அதாவது டெல்லிக்குள் வருவது சுலபம், வெளியே போவது கஷ்டம். மாற்றலாகி வந்த எந்தத் தமிழனைக் கேட்டாலும் இதைக் கருவி இல்லாமலே சொல்வான்.

இவ்வளவு பெரிய நாட்டில் 'குளிர்' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. 'குளிர் அலை' என்று அறிவிக்க, சமவெளியில் வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கி, வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். 4 டிகிரிக்கே வந்துவிட்டால் வழக்கமெல்லாம் பார்ப்பதில்லை, குளிர் அலைதான். மலைப் பகுதி என்றால் பூஜ்யத்துக்கு வர வேண்டும். கடலோரவாசிகளுக்கு மட்டும் சலுகை: வழக்கத்தைவிட நாலரை குறைந்து, 15 டிகிரியைத் தொட்டால் போதும். சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதுவும் நம் கொள்ளுத் தாத்தா காலத்தில்! இன்று 20 டிகிரிக்கே மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்கள் இதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். டெல்லி சப்தர்ஜங்கில் 1935 ஜனவரி 16-ம் தேதி மைனஸ் 0.6. அதே இடத்தில் 2019 டிசம்பர் 30 அன்று, பகலில் அதிகபட்ச வெப்பநிலையே 9.4 டிகிரி. மூடுபனியைத் தாண்டி வெயில் கீழே இறங்காவிட்டால் பகலும் ராத்திரி மாதிரி ஆகிவிடும். இதற்குக் 'குளிர் நாள்' என்று தனிப் பெயர்.

ஒரே வார்த்தை ஊருக்கு ஊர் வேறு முகம் காட்டும். 'வறண்ட வானிலை நிலவும்' என்று டிசம்பரில் சொன்னால் வேளச்சேரிக்காரர் கார் சாவியைப் பாலத்திலிருந்து வீட்டுக்குத் திருப்புவார். அதையே காஷ்மீரில் சொன்னால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அங்கே டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் 'சில்லை கலான்', உச்சக் குளிர். அப்போது விழுகிற பனிதான் கோடையில் ஆற்றுத் தண்ணீர். 2024 ஜனவரியில் வாரக்கணக்காக வறண்ட வானிலை. பனிச்சறுக்குக்குப் பேர் போன குல்மார்க் புல்லும் மண்ணுமாகக் கிடந்தது. பஞ்சாபில் கோதுமைக்காரர் ஒரு தூறலுக்கு ஏங்குவார். பக்கத்து வயல் உருளைக்கிழங்குக்காரர் உறைபனிக்குப் பயந்து, ராத்திரியில் லேசாகத் தண்ணீர் பாய்ச்சுவார். நம் ஊட்டியில் மேகம் இல்லாத ஜனவரி ராத்திரியில் புல் மேலே உப்புக் கொட்டினாற்போல் உறைபனி. எல்லாம் ஒரே தேதி, ஒரே நாடு.

தராசுக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 'அதி கன மழை' என்ற கடைசிப் படி 20.45 சென்டிமீட்டரில் ஆரம்பிக்கிறது. அதற்கு மேலே படியே கிடையாது. 21-க்கும் அதே வார்த்தை, 95-க்கும் அதே வார்த்தை. வார்த்தை எங்கே முடிகிறதோ, அங்கிருந்து மனிதன்தான் யோசிக்க வேண்டும்.

அப்படி யோசித்தவர் எங்கள் மாமா.

அதே 2003 ஜனவரி. கல்யாணத்துக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. ஒரு ராத்திரி மாமா தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு வானம் சுத்தம். காத்தும் இல்லை. மூணு நாள் இப்படித்தான் இருக்கும்கிறான். மூணு டிகிரிக்கு இறங்கிடும்."

எங்களில் ஒருத்தன் சொன்னான்: "மூணோ, அஞ்சோ, என்ன மாமா? ரெண்டு ரஜாய் போத்திட்டுப் படுத்தா முடிஞ்சுது."

"உனக்கு முடிஞ்சுது. கீழே இருக்கிறவனுக்கு இப்பத்தான் ஆரம்பிக்கிறது."

கீழே என்றால் எங்கள் கட்டட வாட்ச்மேன். தர்பங்கா பக்கத்து ஆள். மாடிப்படிக்கு அடியில் தகரக் கதவு போட்ட ஒரு பொந்து. குளிருக்கு ஒரே துணை, அங்கீட்டி. இரும்புச் சட்டியில் நிலக்கரி போட்டு மூட்டுகிற கணப்பு. வெளியில் இருந்தால் அது தெய்வம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வைத்தால் எமன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். குளிர் கூடக் கூடக் கதவு இறுகச் சாத்தப்படும். ஆகவே மூன்று டிகிரி என்பது வெறும் குளிர் சமாசாரம் இல்லை.

மாமா இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மாமாவின் ஹிந்தி, காவிரித் தண்ணீர் கலந்த ஹிந்தி. "தம்பி, இன்னைக்கு ராத்திரி சட்டி வெளியே, நீ உள்ளே. இல்லேன்னா சட்டி உள்ளே, நீ வெளியே. ரெண்டும் சேர்ந்து உள்ளே இருக்கக் கூடாது" என்றார். அவன் சிரித்தான். "பாபுஜி, சட்டி வெளியே இருந்தா நான் உள்ளே இருந்து என்ன பிரயோஜனம்?" என்றான். நியாயமான கேள்விதானே? மாமா பதில் பேசவில்லை. அவனுடைய பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் ஃபிளாட்டுக்கு நடந்தார். பாய் போன பிறகு ஆள் என்ன செய்வான்? பின்னாலேயே வந்தான். மூன்று ராத்திரி மாமா வீட்டுச் சமையலறையில் படுத்தான். எங்கள் ரூமிலிருந்து ஒரு ரஜாய் போயிற்று.

இரண்டாவது நாள் காலையில் பின் தெருவில் கூட்டம். புதுசாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில், சிமென்ட் மூட்டை அடுக்குகிற அறையில் படுத்த இரண்டு வேலைக்காரர்கள் எழுந்திருக்கவில்லை. நடுவில் அங்கீட்டி. ஜன்னல் இருந்த ஓட்டையில் சாக்கு அடைத்திருந்தது. இரண்டு பேருக்கும் எங்கள் வயசுதான் இருக்கும்.

அன்று ராத்திரி நோட்டில் மாமா மார்க் போடவில்லை. முன்னறிவிப்பு பாஸ்தான்; சொன்ன மாதிரியே மூன்று டிகிரி. யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்குத்தான் சேரவில்லை.

மறுநாள் பால் பூத் பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்லேட் தொங்கியது. மாமாவின் கோழிக் கிறுக்கல் ஹிந்தியில் அடுத்த மூன்று நாள் வானிலை. கீழே கடைசி வரி எந்த நாளும் மாறாது: 'அங்கீட்டி வெளியே.' முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் காய்கறிக்காரர் நின்று படித்துவிட்டு, மூடுபனி என்றால் ஆசாத்பூர் மண்டிக்குக் கிளம்புகிற நேரத்தை மாற்றினார். ஆட்டோக்காரர் படித்தார். ஸ்கூல் ரிக்ஷாக்காரருக்கு எழுத்து தெரியாது. பால் பூத் பையன் படித்துச் சொல்வான். வாட்ச்மேனுக்கு ஸ்லேட்டைத் துடைத்து வைக்கிற பொறுப்பு. நான் டெல்லியை விட்டு வருகிற வரை அந்த ஸ்லேட் இருந்தது. மாமா இப்போது இல்லை.

இன்று நமக்கு ஸ்லேட் தேவையில்லை. செல்போனிலேயே நிறம் வந்துவிடுகிறது. பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கவனி. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. பார்க்கிறோம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுகிறோம், 'நாளைக்கு லீவ் உண்டா பாஸ்?' என்று ஒரு வரி சேர்க்கிறோம். ஏ.சி.யை 24-ல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நமக்குக் குளிர் அலையும் ஒரு செய்திதான்.

டெல்லியிலோ லக்னோவிலோ வேலையில் இருக்கிற தம்பிகள், இன்று ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போது ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற செக்யூரிட்டியிடம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அடுத்த மூன்று நாள் எப்படி என்று சொல்லுங்கள். கணப்பை எங்கே வைப்பார் என்று கேளுங்கள். சென்னையில் இருக்கிறவர்களுக்கும் இதே வேலைதான். குளிருக்குப் பதில் மழை என்று மாற்றிக்கொள்ளுங்கள். செல்போனில் வருகிற அந்த ஆரஞ்சு நிறம் அவருக்கு வந்த தபால். விலாசம் மாறி உங்களிடம் வந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.